ஏச்சை வெளியிட்டோம், வாழ்த்தை வெட்டினோம்

கிளிநொச்சி ஒலிப்பதிவுக் கலையகத்தின் சாவியை இளையவர்களாகிய உங்கள் கையில் தந்துவிட்டு ஓய்வுக்குப் போன பிறகு, மூன்று தடவை அங்கே வந்து எட்டிப் பார்த்திருக்கிறேன். மூன்று தடவையும் நீங்கள் பாட்டு வேலை செய்யவில்லை. பாட்டு வரப்போகிறது என்று அறிவிக்கும் காணொளி செய்துகொண்டிருந்தீர்கள். ஒரு தடவை, அந்தக் காணொளி வரப்போகிறது என்று அறிவிக்கும் படம் செய்துகொண்டிருந்தீர்கள். கலியாணம் பேச முன்னமே தொட்டில் வாங்கும் ஆட்களை நான் உங்களிடம்தான் கண்டேன். பாட்டு எங்கே என்று கேட்டதற்கு, "இன்னும் மெட்டுப் போடேல்லை அன்ரி" என்று ஒருவர் பதில் சொன்னார். அவர் சிரிக்கவும் இல்லை.

மாதம் ஒரு தனிப்பாட்டு, உங்கள் பாஷையில் சிங்கிள், விடாவிட்டால் இணையத் தளங்கள் உங்களை மறந்துவிடுமாம். பாட்டு மூன்று நிமிடம் தாண்டினால் கேட்பவருக்கு மூச்சு முட்டுமாம். முகப்பிசையை ஐந்து வினாடியாக்கினீர்கள், பிறகு அதையும் எடுத்தீர்கள். இப்போது கதவைத் தட்டாமல் குசினிக்குள் நுழையும் விருந்தாளி மாதிரி, பாடுபவர் முதல் வினாடியிலேயே கத்திக்கொண்டு வருகிறார். இதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் உத்தி.

உடனே, கிழவி பழங்காலத்தைப் புகழப் போகிறாள் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்தின் இலட்சணமும் எனக்குத் தெரியும். ஊருக்கு ஒரு கோயில், கோயிலுக்கு ஒரு இறுவட்டு, இறுவட்டுக்குப் பத்துப் பாட்டு. முதற்பாட்டு பிள்ளையாருக்கு, கடைசிப் பாட்டு மங்களம். நடுவில் எட்டும் ஒரே மெட்டு, ஊர்ப்பெயர் மட்டும் மாறும். வெளியீட்டு விழாவில் ஆசியுரை, வாழ்த்துரை, நயப்புரை, ஏற்புரை என்று நான்கு மணித்தியாலம் பேசுவார்கள். நயப்புரை செய்தவர் இறுவட்டின் உறையைக்கூடப் பிரித்திருக்க மாட்டார். முதற் பிரதி வாங்கிய பெரியவர் வீட்டு அலுமாரியில் அது இன்றைக்கும் பிரிக்காமலே கிடக்கும். பத்தில் ஏழு குப்பை. அவற்றைப் பதிவு செய்தவள் நான், எனக்குத் தெரியாதா?

ஆகவே அல்பம் தெய்வம், சிங்கிள் பிசாசு என்று பிரசங்கம் வைக்க நான் வரவில்லை. எந்தப் பாட்டுத் தனியே நிற்கும், எது தனியே நிற்காது என்று பார்க்காமல், ஒரு மனிதனின் பிழைப்பில் நான் கை வைத்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். வெட்டியது நான். அதனால் இதில் கிடைக்கும் ஏச்சில் பெரிய பங்கு எனக்கு.

வவுனியாவில் எனக்கு இந்த ஒலிப்பதிவு வேலையைப் பழக்கியவர் வாயால் அதிகம் சொல்லித் தரமாட்டார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வசனம்: "பாடினவன் ஏன் அந்த இடத்தில மூச்செடுத்தவன் எண்டு விளங்காமல் வெட்டாதை." இத்தனை வருடமும் அதைப் பின்பற்றினேன். ஒரே ஒரு தடவை விட்டேன். அந்த ஒரு தடவை போதுமாக இருந்தது.

ஓய்வுக்குச் சற்று முன்னர் நடந்தது இது. கஜனை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்கராயன் வயற்காரக் குடும்பத்துப் பிள்ளை, நல்ல இசையமைப்பாளர். கெட்டிக்காரன்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கடற்பாட்டில் கை வைக்கும் வரை அவன் கடலைப் பார்த்தது பள்ளிக்கூடச் சுற்றுலா போன அன்று மட்டுந்தான். அம்பாப் பாட்டை நவீன தாளத்தில் கொண்டுவரப் போகிறேன் என்று ஒரு நாள் வந்து நின்றான். அவனுடன் நாயாற்றுப் பக்கத்திலிருந்து சூசை என்றொருவர் வந்திருந்தார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கரைவலை இழுக்கும்போது பாடுவது அம்பா. தோணி போய் வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வரும். கரையில் ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று கயிற்றை இழுப்பார்கள். மீன் சேரும் வலைப்பைக்கு மடி என்று பெயர், அது கடைசியில் கரையேறும். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ போட்டு இழுப்பார்கள். அந்தக் கரையில் அடி எடுத்துக் கொடுப்பவர் சூசை. ஐம்பது வயது இருக்கும். வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியாரிடம் இருபத்தைந்து வருடமாகக் கயிறு பிடிக்கிறார்.

ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்தினால் அவருக்குக் குரல் வரவில்லை. மூன்று தடவை முயன்றுவிட்டு என்னைப் பார்த்தார்.

"கையில ஒண்டும் இல்லாமல் வாய் எப்பிடி அக்கா திறக்கும்?"

தண்ணீர்த் தொட்டிக்குக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து வந்து யன்னல் கம்பியில் கட்டிக் கொடுத்தோம். அதைப் பிடித்து இழுத்தார், பாட்டு வந்தது. ஆறு பாட்டு. முதலாவது அந்தோனியாரைக் கூப்பிடுவது. இரண்டாவது கயிறு பிடிப்பது. மூன்றாவது சம்மாட்டியாரை ஏசுவது. நான்காவதும் ஐந்தாவதும் களைப்பும் கடலும். ஆறாவது வாழ்த்து. நடுவில் நிறுத்தமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒரே மூச்சில் இருபத்துமூன்று நிமிடம் இழுத்துப் பாடினார். சட்டை தோய்ந்துவிட்டது. யன்னல் கம்பி கொஞ்சம் வளைந்தும் விட்டது.

பிறகு பிளேன்ரீ குடிக்கும்போது அவரே விளக்கம் சொன்னார்.

"ஏசுறது கயிறு கையில இருக்கு மட்டுந்தான் அக்கா. மடி மண்ணில தட்டினவுடன வாழ்த்திப்போடோணும். வாழ்த்து முடிய சம்மாட்டியார் மடிக்குள்ள கைவிட்டு முதல் மீனைத் தூக்கிப் பாடினவனிட்டத் தருவார். அதோட சரி, ஒருதருக்கும் மனக்குறை இல்லை."

"வாழ்த்தாட்டி?" என்று கேட்டேன்.

"வாழ்த்தாமல் கயிறை விட்டா, ஏசினது நானெண்டு ஆயிடுமெல்லோ."

நான் தலையாட்டினேன். நல்ல காதும் இருந்தது, தலையும் ஆடியது. புத்திக்குள் மட்டும் அது இறங்கவில்லை.

ஒரு கிழமை கழித்துக் கஜன் திட்டத்துடன் வந்தான்.

"இப்ப ஆர் அன்ரி அல்பம் கேக்கினம்? ஆறையும் ஒண்டாப் போட்டா ஒண்டையும் கேக்காயினம். மாசத்துக்கு ஒண்டு விடுவம். முதல் விடுறதுதான் முக்கியம். எது பிடிக்கும் எண்டு நீங்களே சொல்லுங்கோ, உங்களுக்குத்தான் காது இருக்கு."

முகத்துதி என்று தெரிந்தும் விழுந்தேன். இந்தப் பெடியன்கள் என்னைப் பழைய சாமான் என்று ஒதுக்கிவிடக் கூடாது, எனக்கும் இந்தக் காலம் விளங்கும் என்று காட்ட வேண்டும் என்ற ஆசை. ஒரு நொடிகூட யோசிக்காமல் மூன்றாவது என்று சொன்னேன்.

*சம்மாட்டியார் வயிறு பாரு — ஏலேலோ*
*சாக்குப் போலத் தொங்குது பார் — ஏலேலோ*
*சூடை மீனை எங்களுக்கு — ஏலேலோ*
*பாரை மீனைத் தனக்கு வைச்சார் — ஏலேலோ*

கேட்டவுடன் கால் தானாக ஆடும். ஆனால் அந்தப் பாட்டின் கடைசியில் சூசை ஒரு நீண்ட மூச்சு எடுப்பார். எடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, *கரை வரட்டும் ஐயா, மிச்சம் சொல்ல வேணும்* என்று இரண்டு அடி பாடுவார். வேகம் அதில் விழுந்தது. கஜன் முகத்தைச் சுளித்தான். வெட்டச் சொல்லி அவன் கேட்கவே இல்லை, நானாகவே அந்த மூச்சையும் இரண்டு அடியையும் வெட்டினேன். பாட்டு இரண்டரை நிமிடத்துக்குள் வந்தது. "அன்ரி, நீங்கள் வேற லெவல்" என்றான். எனக்கும் உச்சி குளிர்ந்தது.

பாட்டுப் பறந்தது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஓட்டோவில், சலூனில், கலியாண வீட்டில், மாங்குளத்துத் தேநீர்க் கடையில், எங்கும் சம்மாட்டியாரின் வயிறு தொங்கியது. வெளிநாட்டுப் பிள்ளைகள் சட்டைக்குள் தலையணை வைத்துக்கொண்டு ஆடிக் குட்டிக் குட்டிக் காணொளிகள் போட்டார்கள். பாட்டில் சம்மாட்டியாரின் பெயர் இல்லைத்தான். ஆனால் காணொளியின் முகப்பில் சூசையின் முகமும் அந்தக் கரையும் இருந்தன. யாருடைய வயிறு என்று ஊரில் யாரும் விசாரிக்க வேண்டி இருக்கவில்லை. ஒருவன் சம்மாட்டியாரின் படத்தையே எடுத்துப் பாட்டுக்கு மேல் ஒட்டிவிட்டான்.

அந்த மாதம் ஊர்க் கோயில் திருவிழா. சம்மாட்டியார் மற்றவர்களுடன் அந்தோனியாரின் சொரூபத்தைத் தோளில் சுமந்து வந்தார். வருடா வருடம் முன்வரிசையில் நிற்பவர் அவர். பின்னால் வந்த சிறுசுகள் செபத்துக்கு நடுவில் மெதுவாக ஏலேலோ போட்டன. சனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சொரூபத்தை இறக்கி வைத்துவிட்டு அவர் சூசையிடம் போய், "நாளைக்குக் கரைக்கு வரவேண்டாம்" என்று மட்டும் சொன்னாராம்.

இரண்டு நாள் கழித்து மதியம் சூசை கலையகத்துக்கு வந்தார். கஜனும் இருந்தான். கதிரையில் இருக்கச் சொன்னோம், இருக்கவில்லை. பருவம் தொடங்கியிருந்தது. ஒரு வலையில் நிறுத்திய ஆளைப் பக்கத்து வலையில் எடுக்கமாட்டார்கள். பிள்ளைகள் படிக்கிறார்கள். இதையெல்லாம் அவர் ஒரு குறையாகச் சொல்லவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"நான் வாழ்த்தினது எங்க அக்கா?"

நான் கணினியைப் பார்த்தேன்.

"உங்கட பெட்டிக்க இருக்கெல்லோ? எடுத்துப் போடுங்கோவன்."

கஜன் தொலைபேசியில் அட்டவணையைத் திறந்து காட்டினான். "அது ஆறாவது அண்ணை. ஆறாவது மாசம் வரும்."

சூசை அந்த அட்டவணையை நன்றாகப் பார்த்தார். நிறம் நிறமாகக் கட்டம் போட்டிருந்தது.

"அதுவரைக்கும் என்ர மடி கடலுக்க கிடக்கிறதே தம்பி?"

இப்போது கவனியுங்கள். நெருக்கடி வந்தால் மனிதன் முதலில் தேடுவது சரியான வழியை அல்ல, சுருக்கு வழியை. கஜன் பாட்டை அழித்துவிடுவோம் என்றான். வேண்டாம் என்றேன். அது ஆயிரம் தொலைபேசிகளுக்குள் போய்விட்டது. நாங்கள் அழித்தால், குற்றம் செய்தவர்கள் மறைக்கிறார்கள் என்ற பெயரும் சேரும். ஆறையும் இன்றைக்கே ஒன்றாகப் போடு என்றேன். "ஐயோ அன்ரி, அல்கோரிதம் செத்துப்போகும்" என்று தலையில் கை வைத்தான். ஒரு மனிதன் வேலையில்லாமல் முன்னால் நிற்கிறான், இவன் அல்கோரிதத்தின் சாவுக்கு எட்டுச்செலவு செய்துகொண்டிருக்கிறான். அங்கேயே பிடரியில் ஒன்று போட்டிருக்க வேண்டும். போடவில்லை. வாழ்த்தை மட்டும் அடுத்த சிங்கிளாக உடனே விடுவோம் என்று அவன் சொன்னதற்கு நானும் ஓமென்றேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை அங்கேதான் தொடங்கியது.

*ஏசினது கயிறு ஐயா — ஏலேலோ*
*வாழ்த்துறது நான் ஐயா — ஏலேலோ*

சூசையின் குரலில் அதைவிட நல்ல பாட்டு நான் பதிவு செய்ததில்லை. ஆனால் தனியே விட்டபோது அதைக் கேட்டவர்களுக்கு என்ன விளங்கியது? "சம்மாட்டி வெருட்டிப் போட்டார் போல" என்று ஒருவர் கீழே எழுதினார். "எவ்வளவு வாங்கினவர்?" என்று இன்னொருவர். "முதுகெலும்பு இல்லாத கலைஞன்" என்று எழுதியவர் நோர்வேயில் இருக்கிறார், அவருக்கு முதுகெலும்பு கதிரையில் சாய மட்டும் தேவை. ஏச்சு தனியே போய் அவதூறானது. வாழ்த்து தனியே போய்க் காலில் விழுந்ததானது. இரண்டும் ஒரே வாயிலிருந்து ஒரே நாளில் ஒரே கயிற்றில் வந்தவை. பிரித்தது நாங்கள்.

மறு கிழமை, விடியற்காலை பஸ்ஸில் நான் முல்லைத்தீவுக்குப் போய் அங்கிருந்து நாயாற்றுப் பக்கம் போனேன். ஆறு பாட்டையும் வெட்டாமல் தொலைபேசியில் ஏற்றிக்கொண்டு போனேன். கஜனையும் கூப்பிட்டேன். அவனுக்கு அன்றைக்கு ஒரு நேர்காணல் இருந்தது. தலைப்பு, மண்ணின் இசையை மீட்டெடுத்தல்.

சம்மாட்டியார் தன் வாடிக் கொட்டில் வாசலில் கதிரை போட்டு இருந்தார். என்னைவிட வயதில் மூத்தவர். மரியாதையாக எழுந்து இன்னொரு கதிரை எடுத்துப் போட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். முழுப் பாட்டையும் ஒரு தரம் கேளுங்கோ என்று தொலைபேசியை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"எனக்கேன் தங்கச்சி போட்டுக் காட்டுறியள்? எனக்குத் தெரியாத பாட்டே? இருவத்தஞ்சு வருசமா என்ர வயித்தைப் பற்றிக் கேட்டுச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறன். அந்தோனியாருக்கு முன்னால சிரிச்ச சனத்துக்கெல்லோ நீங்கள் போட்டுக் காட்டோணும்?"

தொலைபேசியைப் பைக்குள் வைத்தேன். சூசையின் வயிற்றில் அடிக்க வேண்டாம், பிழை அவருடையதில்லை, வெட்டியவள் நான் என்று சொன்னேன். அவர் கடலைப் பார்த்தார்.

"கயித்துக்கு ஆள் போதாது. இழுக்க வரட்டும். ஆனா வாய் திறக்கப்படாது. திறந்தாரெண்டா அடுத்த பருவம் வலையை ட்ரக்டரில கட்டி இழுப்பன். ட்ரக்டர் ஒருதரையும் ஏசாது."

ஒருவர் போய்ச் சூசையைக் கூட்டி வந்தார். அன்று முற்பகலே வலை இழுத்தார்கள். நான் மணலில் நின்று பார்த்தேன். முப்பது பேர், ஒரு சத்தம் இல்லை. பாட்டு இல்லாததால் ஒருவர் இழுக்கும்போது இன்னொருவர் மூச்சு வாங்கினார். கால்கள் பின்னின. கயிறு இறுகுவதும் தொய்வதுமாக இருந்தது. எப்போதும் எடுக்கும் நேரத்தைவிட நன்றாகப் பிந்தித்தான் மடி மண்ணில் தட்டியது. அந்த நேரத்தில் நான் சூசையின் முகத்தைப் பார்த்தேன். உதடு மட்டும் அசைந்தது. என்ன பாடுகிறார் என்று எனக்குத் தெரியும், அதைப் பதிவு செய்தவள் நான்.

சம்மாட்டியார் இறங்கி வந்து மடிக்குள் கைவிட்டு ஒரு பெரிய பாரையைத் தூக்கினார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் சூசையைக் கடந்து நடந்து என்னிடம் வந்தார்.

"இந்தாங்கோ தங்கச்சி. பாடினவைக்குக் குடுக்கிறது எங்கட வழக்கம். இப்ப பாடுறது உங்கட ஸ்ரூடியோதானே."

நக்கலாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மீன் என் கையில் துடித்தது. எனக்கு அந்த மணலிலேயே புதைந்துபோகலாம் போல இருந்தது. நேரே சூசையிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

"வேண்டாம் அக்கா. அது பாடினவனுக்கு. நான் இண்டைக்கு வாய் திறக்கேல்லை."

பொலித்தீன் பையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தேன். வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த பெண் "நல்ல பாரை, என்ன விலை?" என்று கேட்டார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

கலையகத்தில் கஜன் நேர்காணல் முடித்து, சலவைச் சட்டையுடன் இருந்தான். மீனைக் கொண்டுபோய் அவனுடைய ஒலிக்கலவை மேசையின் மேல் வைத்தேன்.

"என்ன அன்ரி இது?"

"உன்ர பாட்டுக்குச் சம்மாட்டியார் தந்த பரிசு."

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மீன் தண்ணீர் திருகு குமிழ்களுக்கு இடையில் வழிந்தது, அவன் துடைக்கவில்லை. தொலைபேசியை எடுத்து அட்டவணையை அழித்தான். பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து நான் வெட்டிய மூச்சையும் இரண்டு அடியையும் இருந்த இடத்தில் திருப்பி வைத்தோம். இருபத்துமூன்று நிமிடம், இடைவெளி இல்லாமல் ஒரே பாட்டாக அன்றைக்கே விட்டோம். கேட்டவர்கள் சொற்பம். டான்ஸ் ஆடுகிற துண்டு எத்தனையாவது நிமிடத்தில் வரும் என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த மேசையில் சில குமிழ்கள் இப்போதும் இறுகித்தான் திரும்பும். ஏன் என்று என்னைக் கேட்டீர்கள், இதுதான் காரணம்.

சிங்கிள் விடுங்கள், நான் மறிக்கவில்லை. தனியே நிற்கும் பாட்டு எத்தனையோ உண்டு, அவற்றை அல்பத்துக்குள் போட்டுப் புதைத்த பாவத்தை நானும் செய்திருக்கிறேன். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் பாடினவரிடம் ஒரு தரம் கேளுங்கள்: இதற்கு மிச்சம் இருக்கிறதா, அது வராவிட்டால் உங்களுக்கு என்ன நடக்கும் என்று. அல்கோரிதத்திடம் கேட்காதீர்கள். அதற்குப் பிள்ளை குட்டி இல்லை.

அந்தப் பருவம் முழுக்கச் சூசை வாய் திறக்காமல்தான் இழுத்தார். அடுத்த பருவம் சம்மாட்டியார் பாடச் சொன்னார். எங்கள் இருபத்துமூன்று நிமிடத்தைக் கேட்டு மனம் மாறினார் என்று நினைத்து மகிழாதீர்கள். பாட்டில்லாமல் இழுத்து ஆட்கள் முதுகு பிடித்துக் கிடந்தார்கள், அதுதான் காரணம். இப்போது சூசை பாடுகிறார். வயிற்றைப் பற்றியும் பாடுகிறார், சம்மாட்டியார் சிரிக்கிறார், முதல் மீன் சூசையின் கைக்குத்தான் போகிறது. ஆனால் யாராவது தொலைபேசியை வெளியே எடுத்தால் முப்பது பேரும் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நிற்பார்கள். அது உள்ளே போகும்வரை ஓர் அடி வராது.

நான் இடைக்கிடை போகிறேன். சூசை என்னை அக்கா என்றுதான் இப்போதும் கூப்பிடுகிறார், தேநீரும் தருகிறார். பிறகு கையை நீட்டுவார். தொலைபேசியை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் நான் கரைக்கு இறங்குகிறேன்.